புள்ளியும் அக்கம்பக்கமும்

மதுரைச் சுங்குடிச் சேலையில் ஒரு புள்ளி பிறக்கும் விதம் எளிமையானது. துணியை மடித்து, குறியிட்ட இடத்தில் நகத்தால் கிள்ளித் தூக்கி, அந்தச் சிறு கூம்பின் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். சாயத்தில் முக்கி, உலர்த்தி, நூலைப் பிரித்தால் சாயம் ஏறாத இடம் வெள்ளையாக நிற்கும். அருகில் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி சுத்த வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் சாயம் நூலுக்கு அடியில் கசிந்து விளிம்பு மங்கியிருக்கும். கிள்ளிய முனை நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால், நடுவில் சேலையின் நிறத்திலேயே ஒரு பொட்டு விழுந்திருக்கும். துணியை அழுத்தித் தேய்க்காத வரை, முடிச்சுப் போட்ட இடம் சற்றுப் புடைத்தே இருக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில், திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர சமூகத்தின் கைவேலை இது. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று மாசி வீதிகளின் கடைகளிலும் பக்கத்துச் சின்னாளபட்டியிலும் சுங்குடி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் பிரிண்டிலோ வந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலே சொன்ன அளவுதான்: விளிம்பில் கொஞ்சம் மங்கல், வட்டத்தில் கொஞ்சம் கோணல், வரிசையில் கொஞ்சம் விலகல். வாங்க வருபவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. கண் கூர்மை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். காட்சி அறிவியல் சொல்வது வேறு. நுட்பமான ஒரு வேறுபாடு கண்ணில் படுமா படாதா என்பதில், அந்த வேறுபாட்டின் அளவுக்கு உள்ள பங்கு பாதிதான். மீதியை முடிவு செய்வது அதன் அண்டை அயல்.

இதை முதலில் முறையாகக் கண்டுபிடித்தவரும் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்தான். மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் ஒரு வேதியியலாளர். 1824இல் பாரிஸின் கோபலாங் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். ஏற்றதுமே ஒரு புகார் வந்தது: நீல, ஊதாத் துணி மடிப்புகளுக்கு நிழல் காட்ட நெய்யும் கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை, சாயம் சரியில்லை. ஷெவ்ரல் அந்த நூலை மற்ற ஆலைகளின் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறவைத்தன. பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு 1839இல் அவர் வெளியிட்ட பெரிய நூல், அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளிக் காட்டும் என்பதை விதியாக்கியது. அரக்குச் சிவப்பின் நடுவே நிற்கும் சாம்பல் திட்டில் பச்சைச் சாயல் தட்டும். கரும்பச்சையின் நடுவே அதே சாம்பலில் சிவப்புச் சாயல் தட்டும்.

இது சுங்குடிக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டு பெரிதாக இருக்கும் வரைதான் ஷெவ்ரலின் விதி செல்லும். வடிவம் நுணுகிப் புள்ளியும் கோடுமாக ஆகும்போது விளைவு தலைகீழாகிவிடும். அண்டை நிறம் விலக்கித் தள்ளாமல் தன் சாயலைப் பூசிவிடும். இதை 1874இல் எழுதி வைத்தவர் வில்ஹெல்ம் ஃபான் பெட்ஸோல்ட் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர். கம்பளங்களுக்கு வடிவமைப்பதில் அவருக்கு ஈடுபாடு உண்டு. ஒரு வடிவத்தில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் மாற்றினால் மற்ற நிறங்களும் சேர்ந்து மாறியதுபோலத் தோன்றுவதைக் கவனித்தார். அரக்குச் சேலையின் பொடிப் புள்ளிகள் எட்ட நின்று பார்க்கையில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இந்த வகை. கிட்டே வந்தால் அவை மீண்டும் வெள்ளையாகும். சேலையும் அதே, வெளிச்சமும் அதே. மாறியது கண்ணில் விழும் பிம்பத்தின் அளவு.

முதல் விளைவுக்கான உடற்கூற்றுக் காரணம் ஓரளவு தெளிவானது. 1953இல் ஸ்டீஃபன் கஃப்ளர் பூனையின் விழித்திரை நரம்பணுக்களை ஆராய்ந்தபோது, ஒவ்வோர் அணுவுக்கும் நடுவில் ஒரு பகுதியும் அதைச் சுற்றி ஒரு வளையமும் இருப்பதையும், நடுவில் விழும் ஒளியும் வளையத்தில் விழும் ஒளியும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்வதையும் கண்டார். ஆக, மூளைக்குச் செய்தி போகும் முன்பே, விழித்திரையிலேயே ஒப்பீடு தொடங்கிவிடுகிறது. இரண்டாவது விளைவின் முழு விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

நிறம் மட்டும் இப்படி மாறுவதில்லை. 1989இல் சார்லஸ் சப், ஜார்ஜ் ஸ்பெர்லிங், ஜோஷுவா சாலமன் மூவரும் ஒரு பொறிப்பொறியான வடிவத் திட்டை எடுத்து, ஒருமுறை வெறும் சாம்பல் பின்னணியிலும், இன்னொருமுறை அதே மாதிரியான, ஆனால் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று மோதும் வடிவத்தின் நடுவிலும் வைத்துக் காட்டினார்கள். இரண்டாவது இடத்தில் அது சோகை பிடித்ததுபோல வெளுத்துத் தெரிந்தது. சேலை வடிவமைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. உடலில் பொடிப் புள்ளியும் கரையில் அடர்த்தியான அச்சு வேலையும் வைத்தால், கரையை ஒட்டிய புள்ளிகள் தங்கள் எடுப்பை இழக்க வாய்ப்பு அதிகம். உடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்று நிறம் விட்டால் இழப்பு குறையும்.

இனி, பிழை பற்றி. ஸ்கிரீனில் அடித்த சேலையில் ஒரு புள்ளி சற்றே தள்ளி விழுந்திருந்தால் உடனே உறுத்தும். கையால் முடிந்த சேலையில் அதே அளவு, ஏன் அதைப்போல இரு மடங்கு தள்ளி விழுந்த புள்ளியும் கண்ணில் படாது. 1989இல் ஜான் டங்கனும் க்ளின் ஹம்ஃப்ரிஸும் காட்சித் தேடலைப் பற்றி முன்வைத்த கொள்கை இதைத்தான் சொல்கிறது: தேடும் பொருள் எவ்வளவு வேறுபட்டது என்பது மட்டும் கணக்கில்லை, சுற்றியிருப்பவை தங்களுக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதும் கணக்கு. அச்சுப் புள்ளிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் மாறுபட்ட ஒன்று தனித்து நிற்கிறது. கைமுடிச்சில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறுபடுவதால், கூடுதலாக மாறியது கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. அச்சுத் துணியின் தர அளவுகோலை அப்படியே தூக்கிக் கைத்துணிக்கு வைப்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல வாதம் வேண்டியதில்லை. கைத்தொழிலுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் ‘உயிர்த்துடிப்பு’ என்றெல்லாம் சொல்லாமல் இதைச் சொல்லலாம்.

வரிசையாக நிற்கும் கோடுகளில் ஒரு சிறு விலகலைக் கண்டுபிடிக்கும் திறன் மனிதக் கண்ணுக்கு வியப்பூட்டும் அளவில் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவி பிடித்த எல்லோரும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உகந்த நிலையில் சில வினாடிக் கோணம் அளவுள்ள விலகலும் தெரியும். பத்து வினாடிக் கோணம் என்பது அரை மீட்டர் தூரத்தில் கால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. விழித்திரையில் அடுத்தடுத்த இரண்டு கூம்பணுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடக் குறைவு. இந்தக் கூர்மைக்கு 1975இல் தனிப் பெயரிட்டு ஆராய்ந்தவர் ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர். அவரே 2007இல் மரியா மலானியா, மைக்கேல் ஹெர்ட்ஸாக் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், அந்தக் கோடுகளுக்கு இருபுறமும் பக்கத்துக் கோடுகளை நிறுத்திப் பார்த்தார்கள். பக்கத்துக் கோடுகள் அதே உயரத்தில் இருந்தபோது விலகலைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினமானது. அவற்றைக் குட்டையாக்கினாலும் நெட்டையாக்கினாலும் தொல்லை குறைந்தது. நெட்டைக் கோடுகள் அதிக இடத்தை அடைக்கின்றன, அதிகம் தொந்தரவு தர வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்ததோ நேர்மாறு. பக்கத்துக் கோடுகள் நடுக்கோட்டோடு ஒரே குழுவாகச் சேர்ந்தால் கெடுக்கின்றன. தனிக்குழுவாகப் பிரிந்து நின்றால் விட்டுவிடுகின்றன. அண்டை எவ்வளவு நெருக்கம் என்பதோடு, யாரோடு சேர்ந்தது என்ற கேள்வியும் இங்கே வந்துவிடுகிறது.

நெருக்கம் செய்யும் வேலையைப் பார்க்க மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த இந்தக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர் உயரம். அதில் சுதைச் சிற்பங்கள் ஆயிரத்துக்கு மேல். சுமார் 100 மீட்டர் தள்ளி நின்று உச்சிக் கலசத்தைப் பார்த்தபடியே, கண்ணை நகர்த்தாமல், பாதி உயரத்தில் உள்ள ஒரு சிற்பத்துக்கு எத்தனை கை என்று சொல்ல முயலலாம். முடியாது. அங்கே உருவங்கள் இருப்பது தெரிகிறது, கை கால்கள் இருப்பது தெரிகிறது, வண்ணமும் தெரிகிறது. எந்தக் கை யாருடையது என்பது மட்டும் தெரியாது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் ஆய்வு செய்த ஹெர்மன் பௌமா 1970இல் எழுத்துகளை வைத்து அளந்து சொன்னது இது: பார்வையின் மையத்திலிருந்து ஒரு பொருள் எத்தனை பாகை தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறைய பாதி அளவு இடைவெளியாவது அதற்கும் அண்டைப் பொருளுக்கும் இடையே வேண்டும். குறைந்தால் இரண்டும் குழம்பும். 100 மீட்டர் தூரத்தில் நின்று உச்சியைப் பார்ப்பவருக்குப் பாதி உயரச் சிற்பம் சுமார் 13 பாகை கீழே இருக்கிறது. அப்படியானால் அதைச் சுற்றி 6 பாகைக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அந்தத் தூரத்தில் 6 பாகை என்பது கிட்டத்தட்ட 11 மீட்டர். கோபுரத்தில் சிற்பங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆகவே எங்கே நோக்கினாலும் நோக்கிய இடத்தைச் சுற்றிய சிறு வட்டம் மட்டும் தெளிந்து, மற்றது எல்லாம் செறிவாக மட்டுமே தெரியும். கட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் கண்ணை ஓரிடத்தில் நிற்கவிடாமல் மேலும் கீழும் இழுக்கும் அந்தக் கோபுரத்தின் இயல்புக்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

இதைக் காட்சி நெரிசல் எனலாம். பார்வை மங்கல் வேறு, நெரிசல் வேறு. அதே சிற்பம் அதே இடத்தில் தனியாக நின்றிருந்தால் ஓரப்பார்வைக்கும் அது இன்னும் தெளிவாகப் பிடிபட்டிருக்கும். தகவல் கண்ணுக்கு வந்துவிடுகிறது. வந்த பிறகு அண்டைத் தகவல்களோடு கலந்துவிடுகிறது. எப்படிக் கலக்கிறது என்பதை 2001இல் லாரா பார்க்ஸும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஓரப்பார்வையில் சில கோட்டுத் திட்டுகளை நெருக்கமாக வைத்து, நடுவில் உள்ளதை மட்டும் சற்றுச் சாய்த்தார்கள். எது சாய்ந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மொத்தக் கூட்டத்தின் சராசரிச் சாய்வை அவர்களால் சொல்ல முடிந்தது, அந்தச் சராசரிக்குள் நடுத்திட்டின் சாய்வும் சேர்ந்திருந்தது. தனி ஆள் மறைந்தாலும் அவர் போட்ட ஓட்டு எண்ணப்பட்டுவிட்டது.

மதுரையில் இந்த நெரிசல் மருத்துவப் பிரச்சினையாக வந்து நிற்கும் இடம் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகின் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்று. கண்புரை அறுவை சிகிச்சையால் அறியப்பட்ட இடம் அது. புரையில் கண்ணின் வில்லை மங்குகிறது, மாற்றினால் சரியாகிறது. ‘சோம்பேறிக் கண்’ என்று வழக்கில் சொல்லும் குறைபாடு அப்படிப்பட்டதன்று. குழந்தைப் பருவத்தில் ஒரு கண் மாறுகண்ணாகவோ, இரண்டு கண்ணுக்கும் பவர் பெரிதும் வேறுபட்டோ இருந்தால், மூளை பலவீனமான கண்ணின் செய்தியை ஒதுக்கப் பழகிவிடும். கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தெளியாது.

அந்தக் கண்ணில் ஒரு விசித்திரம் உண்டு. அட்டையில் ஓர் எழுத்தை மட்டும் தனியாகக் காட்டினால் குழந்தை சரியாகச் சொல்லிவிடும். அதே அளவு எழுத்தை வரிசையில் மற்ற எழுத்துகளோடு காட்டினால் தடுமாறும். 1962இல் ஸ்டுவர்ட், பூரியன் இருவரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நல்ல கண்ணின் நேர்ப்பார்வையில் நெரிசல் மிகச் சிறிது. சோம்பேறிக் கண்ணில் நேர்ப்பார்வையிலேயே அது பெரிது. விளைவு மிகவும் நடைமுறை சார்ந்தது. பள்ளியில் கண் பரிசோதனை செய்யும் ஆசிரியர் குழந்தைக்கு உதவுவதாக நினைத்து மற்ற எழுத்துகளைக் கையால் மறைத்து ஒவ்வொன்றாகக் காட்டினால், குறையுள்ள கண்ணும் தேறிவிடும். சிகிச்சை பலன் தரும் வயது கழிந்துபோகும். நல்ல கண்ணை மூடி மற்றதை உழைக்கவைக்கும் சிகிச்சை சிறு வயதில்தான் நன்றாகப் பலிக்கும் என்பதால் இந்தத் தவறின் விலை பெரிது. தனி எழுத்துதான் காட்ட வேண்டும் என்றால் அதைச் சுற்றி நான்கு கோடுகள் இட்டுக் காட்டுவது இப்போதைய வழக்கம். வேண்டுமென்றே ஓர் அண்டையை உண்டாக்கி வைப்பது.

பரிசோதனை அட்டையின் வரலாறே அண்டையை ஒழுங்குபடுத்திய வரலாறுதான். 1862இல் உட்ரெக்ட் நகரின் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்ட அட்டையில் மேல் வரியில் ஒரே எழுத்து, கீழே போகப் போக வரிக்கு எழுத்துகள் கூடும். எழுத்து சிறுக்கும்போது நெருக்கமும் மாறுவதால், நோயாளி ஐந்தாம் வரியில் தடுக்கினால் அளவால் தடுக்கினாரா அண்டையால் தடுக்கினாரா என்று பிரிக்க முடியாது. மெல்பர்னில் இயன் பெய்லியும் ஜான் லவியும் 1976இல் (வெங்கடசாமி 11 படுக்கை போட்ட அதே ஆண்டு) கொண்டுவந்த அட்டையில் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து எழுத்து. எழுத்துக்கிடையே ஓர் எழுத்தகலம் இடைவெளி. வரிக்கு வரி மாறுவது அளவு மட்டும்.

தமிழுக்கு இதைச் செய்வது ஆங்கிலத்தைவிடக் கடினம். ‘ட’வும் ‘ஞ’வும் ஒரே அகலமில்லை; ‘ப’வில் இரண்டு மூலை, ‘ண’வில் மூன்று சுழி. ஒரே அளவில் அடித்தாலும் ஒன்று எளிதாகவும் ஒன்று கடினமாகவும் தெரியும். சென்னை எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த முறையில் ஒரு தமிழ் அட்டையை உருவாக்கிச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். சிற்றூர் முகாம்களில் எழுத்தறியாதவர்களுக்கு ‘E’ வடிவத்தின் முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்கும் அட்டை இன்றும் புழங்குகிறது. அதிலும் அண்டை விதி மாறாது.

எழுத்தறிந்தவர்களிடம் இன்னொரு சுவையான விஷயம் இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தில் வந்து திரும்பும் பேருந்தின் பலகையை ஓரக்கண்ணால் பார்ப்பவருக்குத் திருமங்கலம், திருப்பரங்குன்றம், திருப்புவனம், திருமோகூர் எல்லாமே ‘திரு’வில் தொடங்கி ஒரு கொத்தாகத் தெரியும். சொல்லின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஒரு பக்கம் காலி, ஆகவே அவை தப்பிக்கின்றன. நடு எழுத்துகள் இருபுறமும் நசுங்குகின்றன. பௌமாவும் இதைக் கவனித்திருந்தார். இந்த ஊர்களுக்குத் துரதிர்ஷ்டம் என்னவென்றால், தப்பிக்கும் முதல் எழுத்து எல்லோருக்கும் பொது. வேறுபாடு இருப்பது நசுங்கும் இடத்தில். பயணிகள் பலர் பலகையை விட்டு வழித்தட எண்ணைப் பார்ப்பதிலும், நடத்துநர் குரலை நம்புவதிலும் நியாயம் இருக்கிறது.

பழக்கம் இதை மாற்றுமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆகாஷ் அகர்வால், கே.வி.எஸ். ஹரி, எஸ்.பி. அருண் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு இந்தியாவில் மட்டுமே எளிதாகக் கிடைக்கக்கூடிய ஒரு வசதியைப் பயன்படுத்தியது. தெலுங்கு படிக்கத் தெரிந்து மலையாளம் தெரியாதவர்கள் ஒரு பக்கம். மலையாளம் தெரிந்து தெலுங்கு தெரியாதவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் சமமாகப் படித்தவர்கள். வேறுபடுவது லிபி மட்டும். ஒரே மாதிரியான எழுத்துச் சேர்க்கைகளுக்கு நடுவே மாறிய ஒன்றைத் தேடச் சொன்னார்கள். தெரிந்த லிபியில் தனி எழுத்துகளைப் பிரித்தறிவது மேம்பட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, இரண்டெழுத்துச் சேர்க்கையில் ஓர் எழுத்து மற்றதன் மீது செலுத்தும் பாதிப்பு குறைந்திருந்தது. அந்தப் பாதிப்பு எவ்வளவு என்பதை வைத்து ஒருவர் எவ்வளவு சரளமாகப் படிப்பார் என்பதையும் கணிக்க முடிந்தது. படிக்கப் பழகுவது என்றால் சொற்களை முழுப் படங்களாக மனத்தில் சேர்ப்பது என்று பலர் கருதுகிறார்கள். இந்த ஆய்வு காட்டுவது வேறு: பழகிய வாசகர் எழுத்துகளை ஒன்றின் பிடியிலிருந்து ஒன்றை விடுவித்துப் பார்க்கிறார்.

அண்டை எப்போதும் கெடுப்பதில்லை என்பதற்கு ஓலைச்சுவடி சாட்சி. சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒரே வடிவம். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் பிரிப்பதில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் சேகரித்த ஏடுகளைப் படித்தவர்கள் ஒவ்வொரு வரியிலும் இதைச் சந்தித்திருப்பார்கள். தனியாக வைத்தால் ‘ர’வா காலா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாத ஒரு வளைவை, முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளும் யாப்பும் பொருளும் சேர்ந்து தீர்த்துவைக்கும். 1886இல் ஜேம்ஸ் கேட்டல், மிகக் குறுகிய நேரமே காட்டினாலும் சொற்களைப் படிப்பது தொடர்பற்ற எழுத்துகளைப் படிப்பதைவிட எளிது என்று கண்டார். 1969இல் ஜெரால்ட் ரைக்கர், சொல்லுக்குள் இருக்கும் ஓர் எழுத்தைத் தனி எழுத்தைவிடச் சரியாக அடையாளம் காண்கிறோம் என்று கட்டுப்பாடான சோதனையில் நிறுவினார். வடிவமாக நெருக்கும் அண்டை மொழியாகக் கைகொடுக்கிறது. ஏட்டைப் பதிப்பித்தவர்களுக்கு இதனாலேயே ஆபத்தும் வந்தது: எதிர்பார்த்த சொல்லைக் கண் தானாகவே படித்துவிடும், பாடபேதம் அங்கேதான் முளைக்கும்.

கல்லில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. மேலூருக்கு அருகே மாங்குளத்துக் குன்றில், சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள குகைகளின் நெற்றியில், தமிழி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. 1882இல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டறிந்தார். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று நிறுவ முயன்றார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் அவற்றில் வருகிறது. எழுதப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பாறையில் உளி வெட்டிய பள்ளமும் இருக்கும், மழை அரித்த குழியும் இருக்கும், பொறுக்கு உதிர்ந்த வடுவும் இருக்கும்.

ஒரு பள்ளத்தைப் பள்ளம் என்று கண் எப்படி அறிகிறது? நிழலை வைத்து. ஆனால் நிழல் இரண்டு விதமாகப் பொருள் தரும். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் எளிய வட்டங்களால் இதைக் காட்டினார். மேல்பாதி வெளுத்துக் கீழ்ப்பாதி கறுத்த வட்டம் புடைத்துத் தெரியும். தலைகீழாக்கினால் குழிந்து தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருவதாக மூளை கொள்வதே காரணம். இதில் அண்டையின் பங்கு என்னவென்றால், மூளை ஒரு காட்சி முழுமைக்கும் ஒரே விளக்கைத்தான் அனுமதிக்கிறது. ஆகவே ஒரு வட்டம் புடைப்பா குழியா என்பதை அது தனியாக முடிவு செய்வதில்லை. கூட்டத்தில் சிலவற்றின் பொருள் மாறினால் மற்றவையும் கூடவே மாறும். குகை வாயிலில் தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சம் கீழிருந்து வரும்போது எடுத்த புகைப்படத்தில் வெட்டெழுத்துகள் புடைப்பெழுத்துகளாகத் தோன்றுவது இதனால்தான். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் எழுத்துகள் கல்லுக்குள் இறங்கிவிடும்.

கல்வெட்டாளர்கள் எடுக்கும் மைப்படி இந்தத் தொல்லையில் பாதியைத் தீர்க்கிறது. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கறுப்பில் வெள்ளை எழுத்து கிடைக்கும். பாறையின் நிறம், பாசி, நீர் வழிந்த கறை எல்லாம் அண்டையிலிருந்து நீங்கிவிடும். மிச்சப் பாதி நீங்காது: மழைக் குழியும் தாளில் வெள்ளைப் புள்ளியாகவே விழும். தொடக்கக் காலக் கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இல்லை, பின்னால்தான் வந்தது என்பதால், ஒரு வெள்ளைப் பொட்டு புள்ளியா பொறுக்கா என்ற கேள்வி அந்த எழுத்தை மெய்யாகப் படிப்பதா உயிர்மெய்யாகப் படிப்பதா என்பதோடு நிற்காமல், கல்வெட்டின் காலத்தையே தொடும். அந்தப் பொட்டைச் சுற்றி வேறு பொட்டுகள் எத்தனை, அவற்றின் ஆழம் என்ன, விளிம்பு என்ன என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஐராவதம் மகாதேவன் 1960களில் படித்த குகைகளுக்கு 1990களில் மீண்டும் போனதும், 2003இல் வெளிவந்த தம் பெருநூலில் பல பழைய வாசிப்புகளைத் திருத்தியதும் இந்த வகை வேலையின் கடினத்தைச் சொல்லும். 2001இல் டாம் மால்ஸ்பெண்டர் முதலியோர் உருவாக்கிய முறையில், கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல திசையில் வைத்துப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்தால், பார்ப்பவரே வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்கலாம். நான்கு திசை வெளிச்சத்திலும் அண்டைக் குழிகளிலிருந்து வேறுபட்டு நிற்கும் பொட்டுக்குப் புள்ளி என்ற தகுதியைத் தரலாம்.

கல்வெட்டு நூல்களில் கையால் வரைந்த படியை மட்டும் அச்சிடும் வழக்கம் இந்தக் காரணத்துக்காகவே கைவிடப்பட வேண்டியது. வரைபடத்தில் சுற்றிலும் வெள்ளைத் தாள். அதன் நடுவே புள்ளி சந்தேகத்துக்கு இடமின்றி நிற்கும். அதே பொட்டு புகைப்படத்தில் பத்துக் குழிகளில் ஒன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டு, மற்ற ஒன்பதையும் விட்டு இதை மட்டும் ஏன் எடுத்தார் என்று வரைந்தவர் கீழே இரண்டு வரி எழுதினால், வாசகருக்கும் தீர்ப்புச் சொல்ல இடம் இருக்கும்.